இல்லை என்று வந்த அறிக்கை

எங்கள் லேபில் ‘இல்லை’ என்றால் நல்ல செய்தி.
சர்க்கரை: இல்லை. ஆல்புமின்: இல்லை. சீழ்ச்செல்: இல்லை.
பாறசாலையில் பதினோரு வருஷமாக
இதைத்தான் அடித்துக் கொடுக்கிறேன்
எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆளுக்கும் அந்தப் பக்கத்து ஆளுக்கும்.

அந்தப் பழக்கத்தில்தான்
நைட்ரேட் இல்லை, பாஸ்பேட் இல்லை என்று
நிறம் மாறாமல் நின்ற குப்பியைப் படமெடுத்துக்
கப்பலுக்கு அனுப்பினேன்.
வில்பிரட் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

அந்த வாரமே தொடங்கியது.

மணலில் முதலில் தேயிலைக் கறை.
பிறகு பழுப்புச் சளி, நூல் நூலாக,
நூலின் நுனியில் ஒரு காற்றுக் குமிழி,
மூக்கொழுகும் பிள்ளை ஊதினது மாதிரி.
இரவில் காணாமல் போகும்.
காலையில் விளக்குப் போட்டதும்
ஆறு மணிப் பேருந்து போலத் திரும்பி வரும்.
உறிஞ்சி எடுத்தேன். தண்ணீர் மாற்றினேன்.
மாற்ற மாற்றக் கொழுத்தது.
அதை மேய்ந்த நத்தைகள்
பிடி விட்டு மல்லாந்தன.
ஏழு நத்தை. ஒன்று நூற்றெண்பது ரூபாய்.

கடைசி நோயாளி போன பிறகு
ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்தேன்.
எள்ளு வடிவம், ஒவ்வொன்றும்
முளையில் கட்டிய ஆடு போல
ஒரே புள்ளியைச் சுற்றிச் சுற்றி.
ப்ரீஜா எட்டிப் பார்த்து
“இது கவரு பூக்குந்நதல்லே?” என்றாள்.
அவள் பிறந்த செல்லானத்தில்
மேட மாதம் காயல் நீலமாக எரியுமாம்,
கைவிட்டால் விரலெல்லாம் விளக்காகுமாம்.
அதன் பங்காளிதான், என்றேன்.
வெளிச்சம் உனக்கு, சளி எனக்கு.

படித்துத் தெரிந்துகொண்டது: பட்டினி.
தண்ணீரில் சாப்பாடு தீர்ந்ததும்
பச்சைப்பாசி செத்தது,
பேரில்லாத மற்றதுகளும் செத்தன,
காலி வீட்டில் இவை குடியேறின.
மீனுக்கு ஒரு வேளை தீனி,
இரண்டு வடிகட்டி, வாரம் இரண்டு கழுவல்.
யாரையும் குறை சொல்ல முடியாது.

மருந்துக்கு வெடியுப்பு வேண்டும்.
களியக்காவிளை உரக்கடையில்
அப்படிக் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள்.
மீனுக்கு, என்றேன்.
மீனுக்கா?
மீன் கிடக்கிற தண்ணீருக்கு.
ஆதார் நகல் வாங்கிக்கொண்டு
நூறு கிராம் பொட்டலம் கட்டினார்.
சோதனைச்சாவடியில் ரேஷன் அரிசிக்காக
டெம்போக்களைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
என் கைப்பையில் நூறு கிராம் அழுக்கு
யாரும் கேட்காமல் இஞ்சிவிளை வந்து சேர்ந்தது.

பிறகு இருட்டு.
போன வருஷத்துக் கன்வென்ஷன் பிளக்ஸைத் திருப்பி
தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். மூன்று நாள்.
மூன்றாம் நாள் என்றால் எங்கள் சபையில்
எல்லாருக்கும் ஒன்று ஞாபகம் வரும்.
எனக்கு வந்தது கரண்டு பில்:
புற ஊதா விளக்கு இரவும் பகலும் ஓடுகிறது.
பிளக்ஸுக்குப் பின்னால்
கோமாளி மீன் கண்ணாடியில் இடிக்கும் சத்தம்.
‘பொறுத்துக்க பிள்ளே’ என்று
ஒரு தடவை சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
வீட்டில் வேறு ஆள் கிடையாது.

நாலாம் நாள் அவிழ்த்தேன்.
மணல் பாதி வெள்ளை.
பச்சை டார்ச் பவளம் மதியத்துக்கு மேல்
ஒரே ஒரு விரல் நீட்டியது.
ஊதா நிறத்தது எலும்பாகி நின்றது; அது இனி இல்லை.
பம்பின் ஓரத்தில் மறுபடி ஒரு நூல், ஒரு குமிழி.
ஸ்லைடில் எண்ணினேன். ஒரு பார்வைக்கு ஐந்து.
போன வாரம் எண்ணவே முடியவில்லை.
‘சில காணப்பட்டன’ என்று நோட்டில் எழுதினேன்,
கையெழுத்தும் போட்டேன், பழக்கதோஷம்.

ஞாயிறு அவர் கூப்பிட்டார்.
சிக்னல் விட்டுவிட்டு வந்தது. தொட்டி சுத்தமா?
இல்லை, நைட்ரேட் ஐந்து.
கண்ணாடியில் உள்ளங்கை அகலம் பச்சை படர்ந்திருக்கு.
துடைக்கலையா?
துடைக்கலை.
கொஞ்ச நேரம் கப்பல் எஞ்சின் மட்டும் கேட்டது.
அப்புறம் வேறென்ன, என்றார்.
வரும்போது நத்தை வாங்கிட்டு வாங்க.